பழம் புத்தகமும் அதன் பெறுமானமும்

முன்னோர் விட்டுச் சென்ற பொருள்களில் பொன்னுக்கும் நிலத்துக்கும் மதிப்புக் காண்பது எளிது. பொன்னை உரைத்துப் பார்க்கலாம். நிலத்தை அளந்து பார்க்கலாம். ஆனால் அவர்கள் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி வைத்துவிட்டுப் போன பழம் புத்தகங்களுக்கு மதிப்புக் காண்பது எவ்வாறு? அவற்றை விற்பதா, வைத்திருப்பதா, பூசிப்பதா, எறிவதா? இது சில்லறை விஷயமென்று சிலர்க்குத் தோன்றலாம். பிள்ளைகள் தம் முன்னோர்க்குச் செய்ய வேண்டிய கடமையும், ஒரு சமூகம் தன் வரலாற்றுக்குச் செய்ய வேண்டிய கடமையும் இதனுள் அடங்கியிருத்தலின், இதனைச் சற்று விரிவாகவே ஆராயப் புகுகின்றோம்.

கோலாலம்பூரைச் சார்ந்த பங்சார் இன்று செல்வர் விரும்பிக் குடியேறும் இடம். முன்னே அது ரப்பர்த் தோட்டம். தோட்டத்துக்குரிய புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பியர் இருவர் பெயர்களும் சேர்ந்து மருவியே 'பங்சார்' ஆயிற்று என்பர். பால்மரம் சீவிய தமிழரும், ரயில் பாதையிலும் பட்டறையிலும் உழைத்த தமிழரும் அங்கும் அடுத்துள்ள பிரிக்பீல்ட்ஸிலும் குடியிருந்தனர். தோட்டம் மறைந்தது, லயங்கள் மறைந்தன, ரயில்வேக் குடியிருப்புகளிற் பலவும் இடிக்கப்பட்டன. லயத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்கும், குவார்ட்டர்ஸிலிருந்து அடுக்குமாடி வீட்டுக்கும் குடும்பங்கள் பெயர்ந்தபோது, பாத்திர பண்டங்கள் கூடவே சென்றன. புத்தகப் பெட்டிக்கு மட்டும் புதுவீட்டில் இடம் இல்லாமற் போயிற்று. தெருவிலோ, 'சூராட் காபார் லாமா' என்று கூவிக்கொண்டு பழைய தாள் வாங்கும் லாரி வருகின்றது. கிலோவுக்குச் சில காசு கொடுப்பார்கள். ஒரு தலைமுறையின் படிப்பு அரை மணி நேரத்தில் தராசேறி விடுகின்றது. கிள்ளானிலும் பிற ஊர்களிலும் நடப்பதும் இதுவே.

அந்தப் பெட்டியில் இருப்பன யாவை? பெரிய எழுத்து நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, விக்கிரமாதித்தன் கதை, அட்டை கழன்ற தேவாரத் திரட்டு, பழைய பஞ்சாங்கங்கள், கைவைத்திய நூல் ஒன்று, சீர்திருத்தப் பற்றுள்ள வீடாயின் 'குடி அரசு', 'தமிழ் முரசு' இதழ்கள் சில, பாட்டனார் கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்திருப்பின் பற்றுவரவுக் கணக்குப் புத்தகம் ஒன்று. இவற்றைப் பற்றி நம்மவர் மூன்று விதமாகப் பேசுகின்றனர். 'குப்பை' என்பர் சிலர். 'தெய்வம்' என்பர் சிலர். 'புதையல்' என்பர் சிலர். இம்மூவர் கூற்றையும் தனித்தனியே எடுத்து நோக்குவோம்.

குப்பை என்போர் சொல்வதாவது: 'தாள் பழுத்துவிட்டது, செல் அரித்துவிட்டது, படிப்பார் எவருமில்லை, வேண்டுமாயின் புதுப் பதிப்புக் கடையில் கிடைக்கும்.' இதில் பாதி உண்மை உண்டு. அதைப் பின்னர்க் காண்போம். மற்றப் பாதி எத்துணை நஷ்டத்துக்குக் காரணமாகும் என்பதற்கு நம் மொழியின் சரித்திரமே சான்று. 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முனிசீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். என்னென்ன நூல் கற்றீர் என்று முதலியார் வினவ, ஐயர் தாம் கற்ற அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அடுக்கிச் சொன்னார். முதலியார் வியக்கவில்லை. சீவகசிந்தாமணியைப் படித்ததுண்டா என்றே கேட்டார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பல்லாண்டு பாடம் கேட்ட ஐயருக்கும் அந்நூல் அதுவரை கிட்டவில்லை! அந்த ஒரு கேள்வியே அவரை ஊர் ஊராக ஏடு தேட வைத்தது. 1887-இல் சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பாக வெளிவந்தன. அவற்றுக்கு மூலமான ஏடுகள் மடங்களிலும், புலவர் வழிவந்தோர் வீட்டுப் பரண்களிலும் கிடந்தவை. பரணில் ஏட்டைக் கண்டவர் அதைக் குப்பையென்று தள்ளாமல் விட்டமையால் அவை நமக்குக் கிடைத்தன. தள்ளப்பட்டவை எத்தனையோ!

இனித் தெய்வம் என்போரைப் பார்ப்போம். இவர்கள் முந்தியோரினும் நல்லவர் என்று நாம் எண்ணுவது இயல்பு. ஆனால் புத்தகத்தின் நன்மையை நோக்கின் இருவர்க்கும் வேற்றுமை சிறிதே. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் பழைய ஏடுகள் இருந்தன என்று கேள்வியுற்றுச் சாமிநாதையர் அங்குச் சென்றபோது, அவை பழுதுபட்டமையால் ஆகம விதிப்படி நெய்யில் தோய்த்து ஓமத் தீயில் இடப்பட்டன என்ற விடையே கிடைத்தது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஏடுகளை ஆற்றோடு விடும் வழக்கத்தையும் அவர் கேட்டு வருந்தியிருக்கிறார். அழித்தவர்கள் தமிழுக்குப் பகைவரல்லர். ஏட்டைக் கண்டால் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பக்தர்கள். திறந்து படியாத பக்தி இறுதியில் நெருப்பிலும் நீரிலும் கொண்டுபோய் விட்டது. இன்று நம் வீடுகளில் சரஸ்வதி பூசையன்று பழம் புத்தகங்களை மணையில் அடுக்கி, ஈரச் சந்தனத்தையும் குங்குமத்தையும் இட்டு வணங்குகின்றோம். ஈரம் தாளில் ஊறிக் கறையும் பூஞ்சணமும் பற்றுகின்றன. பூசையை நாம் இங்குக் குறை கூற வரவில்லை. அவரவர் நம்பிக்கை அவரவர்க்கு. பூசையன்று ஒரு நாள் புத்தகத்தைத் திறவாதிருக்கும் வழக்கம் மற்ற முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் நீடிப்பதையே குறை கூறுகின்றோம்.

மூன்றாமவர் புதையல் என்போர். எங்கோ ஒரு பழைய புத்தகம் பெருந்தொகைக்கு ஏலம் போயிற்று என்ற செய்தியைக் கேட்டதும், தம் பெட்டியிலும் பதினாயிரம் வெள்ளி உறங்குவதாக எண்ணுவோர் இவர். இவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். ஏனெனில், விலை அறிய விரும்புவது குற்றமன்று. அறியாமல் ஏமாறுவதுதான் குற்றம்.

பழைமை மட்டுமே விலையை உண்டாக்காது. ஒரு நூலின் படிகள் எத்தனை எஞ்சியுள்ளன, அதை நாடுவோர் எத்தனை பேர் என்னும் இரண்டும் கூடிய இடத்தில்தான் விலை பிறக்கும். உலகில் ஒரே படி எஞ்சியிருந்தும் அதைத் தேடுவார் எவருமில்லையெனின் சந்தையில் அதற்கு விலை இல்லை. ஆயிரம் படிகள் இருந்தும் பதினாயிரம் பேர் தேடின் விலை உண்டு. தமிழ்ப் பழம் புத்தகங்களை விலை கொடுத்துத் தேடுவோர் தொகை இன்றும் சிறிது. பெரும்பாலும் நூல்நிலையங்களும் ஆராய்ச்சியாளரும் சில சேகரிப்பாளருமே. இதை மனத்திற்கொண்டால் பொய்யாசை பாதி நீங்கும்.

அடுத்து, புத்தகத்தின் வயதை அறிய வேண்டும். முகப்பு ஏட்டைப் பாருங்கள். பழைய தமிழ்ப் புத்தகங்கள் பலவற்றில் ஆங்கில ஆண்டு இராது; 'பிரபவ வருஷம்' என்றாற்போலத் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒரு முறை அப்பெயர் திரும்பி வரும். பிரபவ என்பது 1867-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். 1927-இல் தொடங்கியதாகவும் இருக்கலாம். அச்சுக்கூடத்தின் பெயர், பதிப்பாளர் பெயர், தமிழ் எண்ணில் அச்சிட்ட பக்கங்கள், அணாவில் குறித்த விலை ஆகியவற்றை ஒத்துப் பார்த்தே எந்தச் சுற்று என்று தெளிய வேண்டும். கும்பினி ஆட்சியில் இந்தியர் சொந்தமாக அச்சுக்கூடம் நடத்த 1835 வரை தடைகள் இருந்தமையால் அதற்கு முந்திய தமிழ் அச்சு நூல்கள் அரியன. அதற்குப் பின்னரோ, ஒரே கதையை ஐம்பது அச்சுக்கூடங்கள் மாறி மாறி வெளியிட்டன. ஆகவே நூறு வயதான 'பெரிய எழுத்து'ப் புத்தகமெல்லாம் அரிதென்று நினைத்துவிடலாகாது.

முதற்பதிப்பா மறுபதிப்பா, ஏடுகள் முழுமையாக உள்ளனவா, முகப்பு ஏடு கிழியாதிருக்கின்றதா, ராமபாணப் பூச்சி எவ்வளவு தின்றிருக்கின்றது என்பவையும் கணக்கில் வரும். விலையை உயர்த்தக் கருதி நம்மவர் செய்யும் உபகாரங்கள் பெரும்பாலும் அபகாரமாய் முடிகின்றன. கிழிந்த ஏட்டைப் பசைநாடா கொண்டு ஒட்டுகின்றனர்; சில ஆண்டில் அப்பசை பழுப்பேறி எழுத்தையே தின்கின்றது. ஓரங்களை வெட்டிப் புது அட்டை போடுகின்றனர். ஓரத்தில் எழுதியிருந்தவை போயின. வெயிலில் உலர்த்துகின்றனர், மரக்கூழ்த் தாள் அப்பளமாய் நொறுங்குகின்றது. சொத்துப் பிரிக்கும் சகோதரர்கள் ஆறு காண்ட இராமாயணத்தை ஆளுக்கு இரண்டு காண்டமாகப் பங்கிட்டுக்கொள்ளும் கொடுமையும் உண்டு. பங்கு நேர்தான், ஆனால் மூவரிடத்தும் இராமாயணம் இல்லாமற் போய்விட்டது.

விலை கேட்கும் முறை ஒன்றையும் சொல்லிவிடுகின்றோம். கடைக்காரர் ஒருவர் ஒரு புத்தகத்துக்கு ஆயிரம் வெள்ளி கேட்கிறார் என்பதனால் அதன் விலை ஆயிரமாகாது. கேட்ட விலை வேறு. உண்மையில் ஒருவர் கொடுத்து வாங்கிய விலை வேறு. பின்னதே கணக்கு. வாங்க வந்தவரிடமே மதிப்புக் கேட்பது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதாகும். வாங்கும் நோக்கமில்லாத இருவர் மூவரைக் கேட்டபின் விற்பவர் ஏமாறார்.

இவ்வளவும் விலையைப் பற்றியது. விலை என்பது பிறர் ஆசையின் அளவு. புத்தகத்தின் பெறுமானத்தை அது சொல்லுமா? இங்கே சரித்திரம் நமக்கு ஒரு விந்தையைக் காட்டுகின்றது. 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் பதினாறு பக்கச் சிறு நூல் தமிழெழுத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய நூல்களுள் நாமறிய அதுவே முதலாவது. அன்று அதைப் போற்றிக் காத்தவர் எவர்? இன்று அறியப்பட்ட அதன் ஒரே படி அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழக நூல்நிலையத்தில் இருக்கின்றது. நமக்கு அண்மையில் வருவோம். சிங்கப்பூரில் அச்சாகி இன்று கிடைக்கும் தமிழ் நூல்களுள் பழைமையானதாகக் குறிக்கப்படுவது 1872-இல் வெளிவந்த 'முனாஜாத்துத் திரட்டு' என்னும் இஸ்லாமியப் பாடல் நூல். மலாயாவின் முதல் தமிழ் நாவலென்று குறிக்கப்படுவது 1917-இல் வெளிவந்த க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி'. பெருங்காப்பியங்களைத் தோலட்டை கட்டிக் காத்த வீடுகளில் இத்தகைய சிறு புத்தகங்களை அடுப்பெரிக்கவும் கடலை மடிக்கவும் கொடுத்தார்கள். மலிவாக வந்தது என்ற ஒரே காரணத்தால் எறியப்பட்டு, எறியப்பட்டமையால் அரிதாகி, அரிதானமையால் இன்று தேடப்படுகின்றது. ஆகவே இன்றைய விலையை வைத்து நாளைய மதிப்பை அளப்பவர் ஏமாறுவது திண்ணம்.

அப்படியாயின் பெறுமானம் காணும் வழி யாது? பெட்டியைத் திறந்தவர் ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்து இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும் என்பது நம் துணிபு. ஒன்று: இந்நூல் வேறெங்கேனும் உண்டா? மற்றொன்று: வேறெங்கும் இல்லாதது எதுவேனும் இந்தப் படியில் உண்டா?

முதற் கேள்விக்குப் பெரும்பாலும் 'உண்டு' என்பதே விடையாகும். சாமிநாதையர் காலத்தில் ஏடு அழிந்தால் நூலே அழியும். இன்று அந்நிலை இல்லை. சங்க நூல்களும் காப்பியங்களும் மலிவுப் பதிப்பாகக் கடைகளில் உள்ளன. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் போன்ற முயற்சிகளால் கைத்தொலைபேசி வைத்திருப்போரெல்லாம் அவற்றைக் காசின்றிப் படிக்கலாம். ஆகவே, அச்சில் பலகாலும் வந்த திருக்குறளின் பழுதுபட்ட படி ஒன்றைக் கழிப்பதனால் திருவள்ளுவர்க்கு ஒரு குறையும் வந்துவிடாது. குப்பை என்போர் கூற்றில் பாதி உண்மை உண்டென்று மேலே சொன்னது இதையே. பழம் புத்தகம் ஒவ்வொன்றையும் சுமந்து திரிய வேண்டுமென்ற பழிபாவ உணர்ச்சி வேண்டா. அது பிள்ளைகளுக்குப் புத்தகத்தின்மேல் வெறுப்பையே வளர்க்கும்.

இரண்டாம் கேள்விதான் உயிரானது. ஏனெனில் அதற்கு விடை காண வேண்டுமாயின் புத்தகத்தை ஏடு ஏடாகப் புரட்டியே ஆகவேண்டும். பஞ்சாங்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு குழந்தை பிறந்த நாளும் நாழிகையும் தோட்டத்தின் பெயரும் எழுதியிருக்கும். தேவாரத்தின் பின்னட்டையில் கப்பலேறிய தேதி இருக்கும். நல்லதங்காள் கதையினுள்ளே ஊரிலிருந்து வந்த கடிதம் மடித்து வைத்திருக்கும். கடைக்காரர் இவற்றைப் பார்த்து, 'எழுதிக் கெடுத்திருக்கிறார்கள்' என்று விலையில் கழிப்பார். அந்தக் குடும்பத்துக்கோ அச்சிட்ட பக்கங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு வரியே பெரிது.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. தோட்டங்களில் பிறந்து, பிறப்புப் பத்திரம் இல்லாமல், 1957-இல் நாடு விடுதலை பெற்ற பின்னரும் குடியுரிமைக்குச் சான்று காட்ட முடியாமல், சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை எய்தியவர்கள் நம்மிடையே பலர். தாம் எந்த ஆண்டில், எந்தத் தோட்டத்தில் பிறந்தோம் என்பதே அவர்களிற் பலர்க்குத் திட்டமாகத் தெரியாது. நாளும் இடமும் குறித்த ஒரு பழைய கைக்குறிப்பு கிடைக்குமாயின், எந்த ஆண்டின் பதிவேட்டை எந்த ஊரில் தேடுவது என்றாவது தெரியுமன்றோ? அத்தகைய குறிப்புள்ள பஞ்சாங்கத்தைக் கிலோக் கணக்கில் போட்டவர், சில காசுக்குத் தம் தாயின் பிறப்பையே விற்றவராவார்.

இனிக் கங்காணியின் கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். நம் ஆராய்ச்சியில் கடினமான இடம் இதுவே. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் கொண்டுவரும் முறை 1910-இல் முடிவுற்றது. கங்காணி முறையோ, 1938-இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடுக்கும் வரை நீடித்தது. அந்தக் கணக்கில் இன்னாருக்கு இவ்வளவு முன்பணம், இவ்வளவு அரிசிப் பற்று, இவ்வளவு பாக்கி என்று பெயர் பெயராக எழுதியிருக்கும். சந்தையில் இதற்கு விலை ஒன்றுமில்லை. ஆனால் அந்த மனிதர்களிற் பலர்க்குத் தம் பெயர் எழுத்தில் இடம்பெற்ற ஏடு உலகில் அது ஒன்றாகவே இருக்கலாம். அவர்கள் உயில் எழுதவில்லை. கல்லறைக் கல் நாட்டவில்லை. சரித்திரம் எழுதிய துரைமார்கள் அவர்களைத் தலைக்கணக்காகவே எழுதினார்கள். கடன்காரர் என்ற முறையிலாவது பெயரோடு அவர்கள் நிற்பது அந்த ஏட்டில்தான்.

கங்காணியின் பேரர் அதை எரித்துவிட எண்ணக்கூடும். பாட்டனார் ஏழைகளைக் கடனில் கட்டி வைத்தார் என்ற பேச்சு வெளிவந்துவிடும் என்று அவர் அஞ்சுவார். கடன்பட்டவரின் பேரரும் தம் பாட்டன் அரிசிக்குக் கடன்பட்டதை உலகம் காண வேண்டாம் என்று நினைக்கக்கூடும். இருவர் நாணத்தையும் நாம் அறிவோம்; மதிக்கின்றோம். ஆயினும் ஒன்று கேட்கின்றோம். அந்த ஏடு கங்காணியின் குடும்பச் சொத்து மட்டுமா? நூறு பேர் பெயர் அதிலிருக்க, ஒருவருடைய வாரிசு மட்டும் அதன் விதியை முடிவுசெய்வது நியாயமா? தாளும் மையும் ஒருவருடையவை. அதில் எழுதப்பட்ட வாழ்க்கை நூறு பேருடையது. சட்டம் இதை ஒருவர் உடைமை என்றே கொள்ளினும் கொள்ளுக. அறம் அவரை உடையவர் என்று கருதாமல் காப்பாளர் என்றே கருதும். மேலும், பாட்டனார் செய்த குற்றத்துக்குப் பேரர் பொறுப்பாளி அல்லர். அதை மறைத்து அழிப்பாராயின் அச்செயலுக்கு அவரே பொறுப்பாளி.

இதே நியாயம் வேறொன்றுக்கும் பொருந்தும். பெட்டியிலுள்ள சில புத்தகங்கள் சாதி உயர்வு தாழ்வு கற்பிப்பன, பெண்ணை இழிவுபடுத்துவன, சகுனமும் சாபமும் போதிப்பன. சீர்திருத்தம் விரும்பும் இளைஞர் அவற்றை முதலில் நெருப்பிலிட விரும்புவர். அவர் சினம் நேர்மையானது. ஆனால் நாளை ஒருவர், 'நம் முன்னோர் அப்படியெல்லாம் கற்பிக்கவேயில்லை' என்று சாதிப்பாராயின் எதைக் காட்டி மறுப்பது? தீமைக்குச் சான்றான ஏட்டை எரிப்பவர் தம்மையறியாமலே தீமைக்கு உதவி செய்கின்றார். அந்நூலை வைத்திருப்பது அதனை ஏற்பதாகாது. வழக்கு மன்றத்தில் சான்றுப் பொருளைப் பூட்டி வைப்பதில்லையா?

அவ்வாறே பழைமையைப் பிரமாணமாகக் கொள்வதும் தவறு. கைவைத்திய நூலில் பாதரசம் சேர்ந்த பஸ்பம் ஒன்று கூறியிருக்கும். ஏடு நூறு வயதானது என்பதற்காக அதனைப் பார்த்து மருந்து கலந்து உண்பவர் உயிருக்கு உலை வைத்துக்கொள்வார். அந்நூல் நமக்குச் சொல்வது, நோயுற்ற நம் பாட்டிமார் எதை நம்பியிருந்தனர் என்பதை. நாம் எதை உண்ண வேண்டும் என்பதை மருத்துவரிடம் கேட்டறிக.

பெட்டியைத் திறந்தோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். சில புத்தகங்களில் ஒரு வாசகசாலையின் முத்திரையோ பள்ளியின் முத்திரையோ இருக்கும். பாட்டனார் இரவல் வாங்கினார், திருப்பவில்லை, நாம் 'பரம்பரைச் சொத்து' என்கின்றோம்! தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியார் மொழிபெயர்த்து 1715-இல் அச்சான புதிய ஏற்பாட்டின் படி ஒன்று தஞ்சைச் சரஸ்வதி மகாலில் இருந்தது. 2005-இல் அது காணாமற் போயிற்று. அது இலண்டனில் ஒரு சேகரிப்பில் இருப்பதாகத் தமிழ்நாட்டுச் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவினர் 2022-இல் கண்டறிந்தனர். புத்தகம் எங்கிருந்து யார் கைக்கு எப்படி வந்தது என்ற வரலாறு இன்றி, வாங்குவோரும் விற்போரும் தலைநிமிர முடியாது. முத்திரையிட்ட நிலையம் இன்றும் இருப்பின் புத்தகத்தை அங்குச் சேர்ப்பதே முறை. நிலையம் மறைந்திருப்பின் பொதுமக்கள் படிக்கும் வேறோரிடத்தில் சேர்ப்பது அதற்கடுத்த முறை.

இவ்வளவும் கேட்ட ஏழை ஒருவர், 'ஐயா, எம் வீட்டு வாடகை பாக்கி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு. புத்தகத்தை விற்றால் பாவமா?' என்று கேட்கக்கூடும். இல்லை என்றே அழுத்திச் சொல்வோம். பிள்ளை பசித்திருக்கப் பாட்டன் புத்தகத்தைப் பூட்டி வைப்பது அறமாகாது. அப்பாட்டனும் அதனை விரும்பியிருக்க மாட்டார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, தம் வாழ்நாளெல்லாம் பழம் புத்தகங்களையும் இதழ்களையும் பாட்டுப் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் சேர்த்தார். பிறர் கழித்ததையே அவர் பொறுக்கினார். 1992-இல் அவர் மறைந்தபின், அத்தொகுதியைச் சிகாகோ பல்கலைக்கழகத்தார் அவர் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கினர். புத்தகங்களோ கடல் கடந்து போகவில்லை. 1994-இல் சென்னையில் அவர் பெயரால் நூலகமாக நிறுவப்பட்டு, தேடி வருவோர்க்கெல்லாம் பயன்படுகின்றன. குடும்பம் பணம் பெற்றது. நாடு புத்தகம் பெற்றது. விற்பனையில் இழிவு எங்கே? மறைமலையடிகள் தம் நூல்களைப் பொதுமக்களுக்கென்றே விருப்ப முறி எழுதி வைத்தார். 1950-இல் அவர் மறைந்தார். 1958-இல் அந்நூல்களைக் கொண்டு சென்னையில் மறைமலையடிகள் நூலகம் திறக்கப்பட்டது. ஒன்று விற்றது, மற்றொன்று கொடுத்தது. இரண்டிலும் புத்தகம் திறந்தே இருக்கின்றது. அதுவே நாம் வேண்டுவது.

ஆகவே விற்பனைக்கு நாம் விதிக்கும் நிபந்தனை ஒன்றே: திறந்து பார்த்தபின் விற்க வேண்டும். இவ்விதி பூசைக்கும் பொருந்தும், எறிவதற்கும் பொருந்தும். குப்பை என்றவரும் தெய்வம் என்றவரும் புதையல் என்றவரும் ஒரே பிழையைச் செய்தனர். மூவரும் அட்டையைப் பார்த்தே தீர்ப்பு வழங்கினர். திறவாமல் எறிந்தவர் எதை எறிந்தார் என்று அறியார். திறவாமல் வணங்கியவர் எதை வணங்கினார் என்று அறியார். திறவாமல் விற்றவர் எதை விற்றார் என்று அறியார். தாம் அறியாத ஒன்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் உரிமை எவர்க்கும் இல்லை.

திறந்து பார்ப்பது பெரிய பண்டிதர்க்கே உரிய வேலையன்று. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர்க்கும் அது இயலும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். வீட்டில் முதியோர் இருப்பின் அருகே அமர்த்திக்கொள்ளுங்கள். ஓரத்திலுள்ள கையெழுத்து யாருடையது என்று அவர்களால்தான் சொல்ல முடியும். அவர்கள் போனபின் கையெழுத்து இருக்கும், பெயர் இராது. நூற்பெயர், ஆண்டு, அச்சுக்கூடம் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். கைக்குறிப்புள்ள ஏடுகளைத் தொலைபேசியால் படம் பிடித்துச் சகோதர சகோதரிகள் எல்லோர்க்கும் அனுப்புங்கள். மலாயாவிலோ சிங்கப்பூரிலோ அச்சானவற்றையும், சங்கத்து அறிக்கைகளையும், நாடக நோட்டீசுகளையும், கணக்கு ஏடுகளையும் தனியே வையுங்கள். பங்சாரிலிருந்து அறிவுரைக்கு நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. 1966-இல் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடிய மலாயாப் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே உள்ளது. அங்கே இந்திய ஆய்வியல் துறையும் உண்டு. ஏட்டைக் கொடாமலே படம் மட்டும் எடுத்துக்கொள்ள இசைவதும் ஒரு தருமம். சிங்கப்பூர்த் தமிழர் 2015-இல் தம் நாட்டின் ஐம்பதாண்டுத் தமிழிலக்கிய நூல்கள் ஏறத்தாழ 350-ஐ இவ்வாறே மின்வடிவாக்கிப் பொதுவில் வைத்தனர்.

பெரிய நூலகம் இருக்கின்றதே, நம் பெட்டி எதற்கு என்று எண்ணுவோர் யாழ்ப்பாணத்தை நினைக்க வேண்டும். 1981-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் ஓரிரவில் சாம்பலாயின. அங்கே எரிந்த நூலொன்றின் மற்றொரு படி எங்கேனும் ஒரு வீட்டில் இருந்திருக்குமாயின், மறுநாட் காலையில் அந்த வீட்டின் பெட்டி ஒரு நூலகமாயிற்று என்க.

பங்சாரிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும், இன்னும் தோட்டங்களிலும், இத்தகைய பெட்டிகள் சில எஞ்சியிருக்கத்தான் செய்கின்றன. அடுத்த வீடு மாற்றத்தில் அவற்றிற் சில போய்விடும். லாரி தெருமுனைக்கு வருமுன், அன்பர்களே, பூட்டைத் திறந்து முதல் ஏட்டைப் புரட்டுங்கள். விற்பதும் கொடுப்பதும் வைத்திருப்பதும் அதன்பின் உங்கள் விருப்பம்.